நூறு நாள் மாத்திரை

என் அக்கா சோணையம்மாளின் முதுகைப் பார்க்காத டாக்டர் மதுரையில் பாக்கியில்லை. ஐந்து வருடமாக அவளைப் பைக்கில் பின்னால் உட்காரவைத்து ஊரெல்லாம் சுற்றியவன் நான். எக்ஸ்ரே, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்தாயிற்று. படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "பெருசா ஒண்ணுமில்லையே" என்பார்கள். ஒன்றுமில்லாததற்கா ஒருத்தி காலையில் எழுந்ததும் அரைமணி நேரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்? ஒருவர் பெல்ட் போடச் சொன்னார். இன்னொருவர் எடையைக் குறை என்றார். அக்கா இருப்பதே நாற்பத்தைந்து கிலோ. கோச்சடையில் ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மனசுல ஏதும் கவலையா?" என்று கேட்டார். இருக்கிறது சார், உங்களை மாதிரி ஆட்களைப் பார்த்து வந்த கவலை என்று வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

அக்கா வில்லாபுரத்தில் எங்களோடுதான் இருக்கிறாள். மச்சான் இறந்த பிறகு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிற வேலை கிடைத்தது. பதினான்கு வருடமாக யாரிடமும் கைநீட்டாமல் அவள் நிமிர்ந்து நடப்பது அந்த வேலையால்தான். போன பிப்ரவரியில் சோற்று அண்டாவை இறக்க முடியாமல் லீவு போட்டாள். "ஜூன்லயும் முடியலேன்னா வேற ஆளத்தாம்மா பாக்கணும்" என்று தலைமை ஆசிரியர் சொல்லிவிட்டார்.

அப்போதுதான் டாக்டர் இம்மானுவேலிடம் போனோம். சின்ன வயசுக்காரர். ஸ்கேனை வெகுநேரம் பார்த்துவிட்டு, முதுகெலும்பில் ஓர் இடத்தைக் காட்டினார்.

"இந்த மாதிரி இடத்துல கிருமி சத்தமில்லாம ஒளிஞ்சிருந்து வலி குடுக்கலாம்னு சிலர் சொல்றாங்க. ஆன்டிபயாடிக் குடுத்துப் பாத்ததுல சிலருக்கு வலி கொறஞ்சிருக்கு, சிலருக்கு ஒண்ணும் ஆகலை. உங்களுக்கு எப்படின்னு எனக்குத் தெரியாது. பாக்குறதுன்னா நூறு நாள், மூணு வேளை. ஒரு வேளைகூட விடக்கூடாது. பாதியில விட்டா கிருமி மருந்துக்குப் பழகிரும். அப்புறம் நான் திரும்பத் தர மாட்டேன்."

ஐந்து வருடத்தில் 'எனக்குத் தெரியாது' என்று சொன்ன முதல் டாக்டர். எனக்கு அவரைக் கும்பிடத் தோன்றியது.

அக்கா கடிகாரம் பார்த்து முழுங்கினாள். வயிறு கலங்கியது, வாய் கசந்தது, விடவில்லை. ஒரு மாதம் ஒன்றும் தெரியவில்லை. ஐம்பதாவது நாள் வாக்கில் தரையில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கியவள், கை ஊன்றாமல் எழுந்து அடுப்படிக்குப் போனாள். நானும் என் மனைவி பாண்டியம்மாளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கண்ணு பட்டுவிடும் என்று வாயைத் திறக்கவில்லை.

ஐம்பத்தாறாவது நாள் என் மகள் தமிழ்ச்செல்விக்கு அம்மை போட்டது. டைல்ஸ் கடையில் நாலு பேரிடம் விவரமாகப் பேசுகிறவன்தான் நான். ஆனால் பிள்ளை முகத்தில் முத்து முத்தாகக் கிளம்பியதும் அந்த விவரமெல்லாம் எங்கோ போய்விட்டது. வாசலில் வேப்பிலை கட்டினேன். பாண்டியம்மாள் காய்ச்சல் மாத்திரை வாங்கி வரச் சொன்னதற்குக் கத்தினேன்: "ஆத்தா எறங்கிப் போற வரைக்கும் இந்த வீட்டுக்குள்ள ஒரு மாத்திரையும் இருக்கக் கூடாது!" பிள்ளையைக் கவனித்துக்கொண்டதெல்லாம் அக்காதான். மூன்று தண்ணீர் ஊற்றி முடிக்கப் பதினேழு நாள் ஆயிற்று.

மகள் தேறிவிட்டாள். அக்கா மறுபடி சுவரைப் பிடித்தாள்.

டாக்டரிடம் ஓடினோம். மிச்சமிருந்த மாத்திரைகளைப் பார்த்ததுமே அவர் முகம் மாறிவிட்டது. "ஏம்மா நிப்பாட்டுனீங்க?"

"மறந்துட்டேன் டாக்டர்" என்றாள் அக்கா.

"பதினேழு நாளா?"

எனக்கு ரத்தம் கொதித்தது. டாக்டர் முன்னாலேயே கத்தினேன். "மறக்குற விசயமாக்கா இது? ஒன்னய வச்சு எம்புட்டு அலைஞ்சிருப்பேன்! கொஞ்சமாச்சும் பொறுப்பு இருக்கா?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். வலி குறைந்தது மருந்தினாலா, தானாகவா என்று இனிமேல் சொல்ல முடியாது என்றார் டாக்டர். மறுபடி தொடங்குவதற்கும் அவர் சம்மதிக்கவில்லை. பள்ளி திறக்க மூன்று வாரம்தான் இருந்தது.

பைக்கை எடுக்கும்போதும் என் கோபம் அடங்கவில்லை. "உண்மையச் சொல்லு. எப்படி மறந்தே?"

"மறக்கல தங்கப்பாண்டி. நீதான வீட்டுக்குள்ள ஒரு மாத்திரையும் இருக்கக் கூடாதுன்னே. மொட்டை மாடிச் செவத்துல பையோட கட்டித் தொங்க விட்டுட்டேன்."

"நான் பிள்ளைக்குச் சொன்னேன்க்கா!"

"ஆத்தா இருக்குற வீட்டுல பிள்ளைக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணாப்பா? நான் முழுங்கி, பிள்ளைக்கு எதுவும் ஆயிருந்தா?"

"அத டாக்டர்ட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"படிச்ச மனுசன். ஒன்னயத்தான முட்டாளுன்னு நெனைப்பாரு."

அவமானத்தில் எனக்குக் காதெல்லாம் எரிந்தது. அக்கா என் தோளைப் பிடித்து, இரண்டு முறை முயன்று, மூன்றாவது முறைதான் பைக்கில் ஏறி உட்கார்ந்தாள்.