சிஐடி அக்காவின் வைஃபை

மாணவியர் விடுதியின் தரைத்தளத்தில், வாசலை ஒட்டியிருக்கும் சின்ன அறைதான் நெட் அறை. ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், எந்நேரமும் பச்சை விளக்கு மினுக்கும் ஓர் இரும்புப் பெட்டி. விடுதிப் பக்கம் ஒரு ஜன்னல், தெருப் பக்கம் ஒரு ஜன்னல். இரண்டுக்கும் நடுவே சுழல் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவளுக்குக் கல்லூரி கொடுத்த பதவி உதவியாளர். மாணவிகள் கொடுத்த பதவி சிஐடி அக்கா. இரண்டாவதுதான் பொருத்தம் என்பது என் கட்சி.

பால் பாக்கெட் வாங்கினால் தேதியைப் பார்ப்பாள். பார்த்துவிட்டு, அது அழித்து அடித்த தேதியா என்று நகத்தால் சுரண்டியும் பார்ப்பாள். புருஷன் பஸ் டிரைவர். வழியில் நெரிசல் என்று சொல்லிக்கொண்டு அவர் தாமதமாக வந்தால், பின்னால் வந்த பஸ்ஸின் டிரைவர் வீட்டுக்குப் போன் போட்டு நெரிசல் நிஜம்தானா என்று விசாரிப்பாள். "இவகிட்ட உண்மையச் சொல்லத்தான் பயமா இருக்கு. பொய் சொன்னா ஒருவேளை நம்பிடுவாளோ என்னவோ" என்று அந்த மனுஷன் அலுத்துக்கொள்வார்.

சும்மா வந்த புத்தி இல்லை அது. கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்தாள். வாய் நிறைய அக்கா அக்கா என்று கூப்பிட்டு, பவ்யமாக வந்து போன ஒருத்தன் அங்கே உட்கார்ந்து போலிச் சான்றிதழ் அடித்திருக்கிறான். அவன் கம்பி நீட்டிவிட்டான். போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் நாள் முழுக்க உட்கார்ந்தது இவள். அன்றிலிருந்து யாராவது குழைந்து அக்கா என்றாலே இவள் உஷாராகிவிடுவாள்.

அது போதாதென்று போன வருஷம் இன்னொரு கூத்து. ஒரு மாணவி தன் பாஸ்வேர்டைத் தோழிக்குக் கொடுக்க, தோழி அதை வைத்துப் பேராசிரியருக்கு வாயில் சொல்ல முடியாத வார்த்தைகளில் ஒரு மெயில் அனுப்பிவிட்டாள். மெமோ யாருக்கு வந்தது? இவளுக்கு. "இன்னொரு தடவை ஒருத்தர் நெட்டை இன்னொருத்தர் யூஸ் பண்ணது தெரிஞ்சா, நீங்க வேற வேலை பாத்துக்க வேண்டியதுதான்" என்று நெட் பிரிவு மேலாளர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அந்த வேலை போனால் வீடு ஆட்டம் கண்டுவிடும். பஸ் டிரைவர் ஒருவர் சம்பளத்தில் இரண்டு பிள்ளைகளை என்னவென்று வளர்ப்பது?

ஆகவே இந்த வருஷம் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். புதிதாகச் சேர்ந்த ஒவ்வொரு மாணவியும் லேப்டாப்பையும் மொபைலையும் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்கு வர வேண்டும். ஒருத்திக்கு இரண்டு சாதனம்தான். அவற்றைப் பதிந்தால்தான் வைஃபை கிடைக்கும். அடையாள அட்டையைப் பார்ப்பாள், முகத்தைப் பார்ப்பாள், மறுபடி அட்டையைப் பார்ப்பாள்.

"போட்டோல இருக்கறது நீதானா?"

"ஆமாக்கா."

"முடி வேற மாதிரி இருக்கு?"

"வெட்டிட்டேங்க்கா."

"எதுக்கு வெட்டினே?"

அந்தப் பிள்ளை இதற்கு என்ன பதில் சொல்லும், நீங்களே சொல்லுங்கள்.

ஒரு மாதம் ஓடியது. ஒரு நாள் கம்ப்யூட்டரில் ஒரு விஷயம் கண்ணை உறுத்தியது. இரண்டாம் மாடிக் கோடி அறை மாணவி ஒருத்தியின் மொபைல் ஆய்வகக் கட்டடத்து வைஃபையில் இருக்கிறது. அதே நேரம் அவள் லேப்டாப் விடுதி அறையில் மும்முரமாக ஓடிக்கொண்டிருக்கிறது. மறுநாளும் அப்படியே, அதற்கடுத்த நாளும் அப்படியே. லேப்டாப் தானாகவா படிக்கும்? அக்காவுக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. அறையைப் பூட்டிக்கொண்டு படியேறினாள்.

கதவைத் திறந்தவள் ஒல்லியான ஒரு பெண். கையில் பேனா.

"கிளாஸுக்குப் போகலையா?"

"காய்ச்சல்க்கா."

அக்கா நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். பச்சைத் தண்ணி மாதிரி இருந்தது.

"ஐடி கார்டு?"

"பையில... பை பிரெண்டுகிட்ட இருக்கு."

சாதனம் பதிய வந்த அத்தனை முகமும் அக்காவுக்கு அத்துப்படி. இந்த முகம் ஜன்னலுக்கு வரவே இல்லை. "நீ யாரு?" என்று கேட்டதும் அந்தப் பெண் திருதிருவென்று விழித்தாள், பிறகு கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அழுதாள்.

அழுகையையும் நம்பாமல் கதவில் சாய்ந்துகொண்டு அக்கா கதையைக் கேட்டாள். இந்தக் கல்லூரியில் இடம் கிடைத்தது உண்மை. ஒரு சான்றிதழ் வந்து சேரத் தாமதமாகி, இடம் அடுத்தவருக்குப் போனதும் உண்மை. அது அவளுக்குத் தெரிந்தபோது அப்பா பெட்டியை இறக்கி வைத்துவிட்டு ஊருக்குப் பஸ் ஏறியிருந்தார். தெரு முழுக்க மகள் காலேஜ் என்று சொல்லி வைத்திருக்கிற மனுஷன். பள்ளியில் கூடப் படித்த தோழி, தன் அறையில் காலியாக இருந்த கட்டிலில் இவளை ஒளித்து வைத்துக்கொண்டாள். பகலெல்லாம் தோழியின் லேப்டாப்பில் அடுத்த நுழைவுத் தேர்வுக்குப் படிப்பு, சாயங்காலம் அதே லேப்டாப்பில் அப்பாவோடு வீடியோ கால். அவளிடம் இருந்தது வெறும் பட்டன் போன்.

"அப்பாகிட்ட ஏன் சொல்லல?"

"எப்படிக்கா சொல்றது?"

அக்காவுக்குப் பரிதாபம் வரவில்லை, பயம்தான் வந்தது. மேலாளருக்குத் தெரிந்தால் முதலில் உருளும் தலை தன்னுடையது. கீழே வந்து அந்த லேப்டாப்பின் இணைப்பை வெட்டினாள். இந்த வாரத்துக்குள் இடத்தைக் காலி செய்யாவிட்டால் விடுதிக் காப்பாளரிடம் சொல்லிவிடுவேன் என்று எச்சரித்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

இரண்டு நாள் கழித்துத் தெருப் பக்க ஜன்னலில் ஓர் ஆள் வந்து நின்றார். சட்டையெல்லாம் நூல் பிசிறு. பெண்கள் விடுதி வாசலில் தனியாக நிற்கிற ஆம்பளையை நம்பலாமா? அக்கா ஜன்னலைப் பாதி சாத்திக்கொண்டாள்.

"நெட் ஆபீஸ் இதுதானேம்மா? நான் டெய்லர். என் பொண்ணு இங்கதான் இருக்கா. ரெண்டு நாளா வீடியோல வரல. நெட் இல்லைங்கறா."

யாருடைய அப்பா என்று அக்காவுக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் பழக்கம் விடுமா? கொக்கி போட்டாள்.

"டிபார்ட்மென்ட் என்ன? ரிஜிஸ்டர் நம்பர் சொல்லுங்க."

டெய்லர் ஜன்னலை நெருங்கிக் குரலைத் தாழ்த்தினார்.

"அதெல்லாம் உங்க கம்ப்யூட்டர்ல இருக்காதும்மா. அவளுக்கு இங்க சீட்டு இல்ல. எனக்குத் தெரியும்."

"எப்பலேர்ந்து?" என்றாள் அக்கா.

"விட்டுட்டுப் போன மறுநாளே தெரியும். தலையணைய மறந்துட்டுப் போயிட்டா. குடுத்தனுப்பலாம், எந்த ரூம்னு ஆபீஸுக்குப் போன் பண்ணிக் கேட்டேன். அப்படி ஒரு பொண்ணே இல்லன்னாங்க."

"அப்புறம் ஏன் நீங்க கேக்கல?"

"கேட்டா உடைஞ்சிடுவாம்மா. ஏதாவது பண்ணிக்குவாளோன்னு பயம். அவளா சொல்லட்டும்னு இருக்கேன்."

"போன்ல பேசறாதானே? அது போதாதா?"

"குரல்ல நல்லா நடிப்பா. மூஞ்சிலதான் அவளுக்கு நடிக்க வராது. அந்த மூஞ்சிய ஒரு தடவை பாத்துட்டேன்னா எனக்குத் தூக்கம் வந்துடும். ரெண்டு நாளா தூங்கல. நான் வந்தேன்னு சொல்லிடாதீங்க. அந்த நெட்ட மட்டும் குடுத்துடுங்கம்மா."

அப்பாவும் மகளும் சேர்ந்துகொண்டு காதில் பூச்சுற்றுகிறார்களோ? அப்போதுகூட அப்படி ஒரு யோசனை வந்தது அவளுக்கு. ஜன்னலை முழுசாகத் திறந்து அந்த முகத்தை நன்றாகப் பார்த்தாள். கண்ணிரண்டும் சிவந்து, இமை வீங்கியிருந்தது. பார்க்கப் பார்க்கத் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது. ஒரு பிள்ளையைத் தனியாக அழவிட்டுப் படியிறங்கி வந்திருக்கிறோமே என்று மனசு குறுகுறுத்தது.

"ஊருக்குப் போங்க. சாயங்காலம் வரும்" என்றாள்.

தோழியின் கணக்கில் மறுபடி திறந்துவிட்டால், மாட்டும்போது அந்தத் தோழியின் படிப்பும் சேர்ந்து போகும். வேலை செய்பவர்களுக்கும் இரண்டு சாதனம் உண்டு. அக்கா தன் மொபைலை நீக்கிவிட்டு, அந்த லேப்டாப்பைத் தன் பெயரிலேயே பதிந்தாள். நாளைக்கு மேலாளர் பார்த்தால் தப்பவே முடியாது. இரண்டு தடவை தப்பாக அடித்து, மூன்றாவது தடவைதான் சரியாக வந்தது.

சாயங்காலம் மாடிக்குப் போய், "நெட் வரும், பாரு" என்று மட்டும் சொன்னாள். அந்தப் பெண்ணுக்கு எதுவும் புரியவில்லை. லேப்டாப்பை வராந்தா திண்டில் வைத்து அழைத்தாள். முதல் மணியிலேயே அப்பா வந்துவிட்டார். பின்னால் தையல் மெஷின் தெரிந்தது.

"நெட் சரியாயிடுச்சுப்பா. இந்த அக்காதான் சரி பண்ணாங்க." லேப்டாப்பை அக்கா பக்கம் திருப்பினாள்.

டெய்லர் அவளை அன்றுதான் முதல்முதலாகப் பார்ப்பதுபோல் கும்பிட்டார். "வணக்கம்மா. பொண்ணு நல்லாப் படிக்கறாளா?"

எத்தனையோ பொய்யைப் பிடித்தவள். அந்த முகத்தில் அவளால் ஒரு பொட்டுக்கூடப் பிடிக்க முடியவில்லை. ஆமாம் என்றும் வாய் வரவில்லை, இல்லை என்றும் வரவில்லை. கண் கலங்கிவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள்.

அந்தப் பெண் அக்காவைப் பார்த்தாள். பிறகு லேப்டாப்பை மெதுவாகத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"அப்பா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

மெஷின் முன்னாலிருந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் கிட்டத்தில் வந்தார்.

"சொல்லும்மா. நல்லாக் கேக்குது."