தாரும் சருகும்

எழுத்தர் பரீட்சையில் இரண்டு தடவை தோற்றிருந்தேன். இரண்டு தடவையும் காலை வாரிவிட்டது சொல் ஜோடிக் கேள்விகள்தான். 'இலை : மரம்' என்று கொடுத்து, அதே உறவுள்ள ஜோடியைக் கேட்பார்கள். நான் 'மாடு : வண்டி' என்று போடுவேன். பயிற்சிப் புத்தகத்தின் விடையோ 'பக்கம் : புத்தகம்' என்றிருக்கும். மாடு இல்லாமல் வண்டி எப்படி நகரும்? எங்கள் பக்கம் வண்டி வருகிறது என்றாலே மாட்டோடு சேர்த்துத்தான். கேள்வி எழுதியவன் வண்டியைக் கண்ணால் பார்த்திருப்பானா என்று புத்தகத்தோடு சண்டை போட்டேன்.

மூன்றாவது தடவைதான் கடைசி என்று அப்பா சொல்லிவிட்டார். அதிலும் கோட்டை விட்டால் அனுமந்தன்பட்டி சம்பந்தம் முடிவாகிவிடும். மாப்பிள்ளை மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்த வீட்டில் மருமகளை வேலைக்கு அனுப்பும் வழக்கமில்லை. எனக்கு வேலை வேண்டும்.

அல்லிநகரத்தில் அப்பாவுக்கு வாழைக்காய் மண்டி. ஒருநாள் மத்தியானம் சாப்பாடு கொண்டுபோனபோது, கல்யாணச் சீருக்கு வாழைத்தார் வாங்க ஓர் அம்மா வந்திருந்தார். மிஞ்சியிருந்த ஒரே நல்ல தாரில் அப்பா காலையில்தான் ஒரு சீப்பை அறுத்து விற்றிருந்தார். சருகைச் சுற்றிக் கட்டிவிட்டால் குறை தெரியாது என்று சமாளித்துப் பார்த்தார்.

அந்த அம்மா விடவில்லை. "சருகைப் பூராம் உருவி எறிஞ்சாலும் தாரு தாருதான். ஒரு சீப்பை எடுத்துட்டா அது முழுத் தாராகுமா? சீரு கொண்டுபோற எடத்துல சிரிக்க மாட்டாகளா?"

அப்பாவுக்கு வியாபாரம் போச்சு. எனக்கு விடிந்துவிட்டது. ஒன்றை எடுத்துப் பார்க்க வேண்டும், மற்றது குறைபட்டால்தான் அது உறுப்பு. மாட்டை அவிழ்த்துக் கட்டினாலும் வண்டி முழுசாகத்தான் நிற்கிறது. சக்கரத்தைக் கழற்றினால்தான் வண்டி ஊனம். புத்தகத்தில் ஒரு பக்கத்தைக் கிழித்தாலும் அப்படித்தான். அன்று சாயங்காலம் பயிற்சிக் கேள்விகளை மறுபடி போட்டேன், ஒன்றுகூடத் தப்பவில்லை. இவ்வளவுதானா என்று என் மேலேயே கோபம் வந்தது.

மதுரையில் பரீட்சை. 'விரல் : கை' கொடுத்திருந்தார்கள். 'மீன் : குளம்' என்ற ஜோடி வா வா என்று கூப்பிட்டது. மீனையெல்லாம் பிடித்துவிட்டாலும் குளம் குளம்தான் என்று அதைத் தள்ளிவிட்டு, 'கம்பி : குடை'யைக் குறித்தேன்.

மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்திருந்த நாளில்தான் வேலைக்கான உத்தரவு தபாலில் வந்தது. சபையில் நின்று உரக்கப் படித்தேன்.

அப்பா அவர்களைப் பார்த்து, "எம்மக வேலைக்குப் போவா. அதுக்குச் சம்மதம்னா தேதி குறிப்போம்" என்றார்.

மாப்பிள்ளையின் அம்மா என்னிடம் கேட்டார், "எந்த ஊருல போட்டிருக்காக?"

உத்தமபாளையம் என்றேன்.

"நம்ம அனுமந்தன்பட்டியில இருந்து காலைல பஸ்ஸு இருக்கு" என்றார் அவர்.