குடித்த இரும்பைத் திருப்பிக் கேட்டவர்

டாக்டர் எஸ்தர் அம்மாள் மாரடைப்பால் காலமானார்கள் என்ற செய்தி, நான் மருந்து கட்டிக்கொண்டிருந்தபோது வந்தது. சொன்ன நர்ஸை, "போம்மா, வேற யாராவதா இருக்கும்" என்று கடிந்து அனுப்பிவிட்டேன். அம்மாளுக்கு மாரடைப்பாவது! அந்த நோயைப் பற்றி அவர்கள் வைத்திருந்த கணக்குப்படி, அது கடைசியாக வரவேண்டிய ஆள் அவர்கள்தான்.

அம்மாளுக்குச் சொந்த ஊர் நாசரேத். தூத்துக்குடியில் புதிய துறைமுகம் எழும்பிக்கொண்டிருந்த வருடங்களில் எங்கள் சிறிய ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். நான் அங்கே கம்பவுண்டர். ஒல்லியான உருவம், வெளிறிய முகம், எதைக் கண்டாலும் "ஏன்?" அந்தக் கேள்வித் தொல்லை தாங்காமல் நான் எரிச்சல்பட்டதும் உண்டு.

ஒருமுறை திரேஸ்புரத்துப் பிலோமி கர்ப்பிணியாக வந்தாள். உடம்பில் ரத்தமே இல்லை. இரும்புச்சத்து டானிக் கொடுத்தோம். பாட்டில்கள் தீர்ந்தன, ரத்தம் மட்டும் ஏறவில்லை. அம்மாள் என்னையும் இழுத்துக்கொண்டு அவள் வீட்டுக்கே போய்விட்டார்கள். பார்த்தால், டானிக்கைக் குடித்துவந்தது அவள் புருஷன் சூசை! அவன் கடலில் மூழ்கிச் சங்கு குளிக்கிறவன். ரத்தம் ஊறினால் கடலடியில் மூச்சு அதிக நேரம் தாக்குப்பிடிக்கும் என்று குளியாட்களுக்கு ஒரு நம்பிக்கை.

நானாக இருந்தால் திட்டிக் கிழித்திருப்பேன். அம்மாளோ உட்கார்ந்து விசாரித்தார்கள்.

"ஒங்க அப்பா எப்படிலே செத்தாரு?"

"நெஞ்சடைச்சும்மா. அண்ணனுக்கும் அப்படித்தான்."

மறுநாள் அவனை வரவழைத்து ரத்தம் பார்த்தார்கள். அமோகமாக இருந்தது. என்னைக் கூப்பிட்டார்கள்.

"கம்பவுண்டரே, பொம்பளைக்கு மாசாமாசம் இரும்பு வெளிய போயிருது. ஆம்பளைக்குச் சேந்துக்கிட்டே இருக்கு. நெஞ்சுவலியும் ஆம்பளைக்குத்தான் முந்தி வருது. ஏன்?"

அத்தோடு விட்டார்களா? இரண்டு கிண்ணங்களில் சாளை மீன் எண்ணெய் ஊற்றி, ஒன்றில் துருப்பிடித்த ஆணிகளைப் போட்டு மொட்டைமாடியில் வைத்தார்கள். ஆணி போட்டதுதான் முதலில் கெட்டது. வார்டு முழுவதும் மூக்கைப் பிடித்தோம். "கொலஸ்ட்ரால் இருக்கதவிட, இப்படி உள்ளுக்குள்ள கெட்டுப்போறதுதான் வினையோ? இரும்புதான் அதக் கெடுக்குதோ?" என்றார்கள். மருத்துவர்கள் கூட்டத்தில் இதைக் கேட்டபோது எல்லோரும் சிரித்தார்களாம். "எனக்கும் தெரியாது. அதனாலதான கேக்கேன்" என்று அம்மாளும் சேர்ந்து சிரித்துவிட்டு வந்தார்கள்.

பிலோமிக்குப் பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்கவில்லை. ரத்தம் ஏற்றாவிட்டால் பிழைக்கமாட்டாள். பொருந்தியது சூசையின் ரத்தம்தான். அவனோ பின்வாங்கினான்.

"ரத்தம் குடுத்தா மூச்சு போயிரும்மா. கடலுக்குள்ளயே கெடந்துருவேன்."

"ஏலே, அவ மருந்தத்தான நீ குடிச்ச? அதத் திருப்பிக் கேக்கேன், குடு. கொஞ்ச நாளு கடலுக்குப் போவாத. மூச்சு தானா வந்துரும்."

அவன் படுத்துக் கையை நீட்டினான். தாயும் பெண்குழந்தையும் பிழைத்தார்கள். சில வாரங்களில் சூசை பழையபடி சங்கு எடுத்தான். அதன்பின் யாருக்கு ரத்தம் தேவைப்பட்டாலும், அம்மாள் சொல்லும் இடைவெளி விட்டு, தானாகவே வந்தான். அம்மாளுக்கு ஒரே குஷி. "இரும்பு கொறஞ்சா ஒன் நெஞ்சு எப்படி இருக்குன்னு கடைசிவரைக்கும் பாக்கப்போறேம்லே" என்பார்கள்.

பார்க்காமலே போய்விட்டார்கள். எப்போதும் ரத்தசோகையோடு இருந்தவர்கள், மாரடைப்பில் போய்விட்டார்கள். நான் கடிந்து அனுப்பிய நர்ஸ் திரும்பி வந்தபோதுதான் நம்பினேன்; நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவளிடம் சொன்னார்களாம்: "கம்பவுண்டர்ட்ட சொல்லு, நம்ம கணக்கு இடிக்குது. வேற காரணமும் இருக்கும்போல." கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அழுதேன்.

வார்டுக்கு நான் ஓடியபோது வாசலில் சூசை நின்றான். டாக்டரம்மாவுக்குச் சுகமில்லை என்று மட்டும் கேள்விப்பட்டு, கரையிலிருந்து ஈரத்தோடு வந்திருந்தான். சட்டைக் கையை மேலே சுருட்டிவிட்டிருந்தான்.

"அண்ணாச்சி, அம்மைக்கு எவ்வளவு வேணும்னாலும் எடுங்க."

அவன் சுருட்டிய சட்டைக் கையை மெல்ல இறக்கிவிட்டேன். அவனுக்குப் புரிந்துவிட்டது.

அம்மா, யாரும் கேட்காமலே அந்தக் கை நீண்டது. போய்வாருங்கள்.