பூட்ஸ் இல்லாத எடை

"பூட்ஸோட ஏறு கண்ணு. எவ்வளவு? ம்... இப்போ கழட்டிட்டு ஏறு." மேசைக்கடியில் கிடக்கும் எடை இயந்திரத்தைக் காலாலேயே இழுத்துப்போட்டு, வெர்னா இதை ஒவ்வொரு பிள்ளைக்கும் செய்து காட்டுவாள். "ஆள் நீயேதான், எண்ணு மட்டும் ரெண்டு. உன் மார்க்கும் அப்படித்தான்."

நெப்ராஸ்காவில் இறைச்சித் தொழிற்சாலையை நம்பிப் பிழைக்கும் ஊர் எங்களுடையது. அதன் உயர்நிலைப் பள்ளியில் வெர்னா கல்லூரி ஆலோசகர். பக்கத்து மேசையில் வருகைப் பதிவு என் வேலை. வெர்னா நாளெல்லாம் சூரியகாந்தி விதையைக் கொறித்துத் தோலைக் காகிதக் கோப்பையில் துப்புவாள். அந்த எடை இயந்திரம் பள்ளி மல்யுத்த அணி கழித்துப் போட்டது.

பாடத்தில் ஏ வாங்கினால் நாலு புள்ளி, பி என்றால் மூன்று. கடினமான வகுப்பென்றால் பள்ளி ஒன்று கூட்டிப் போடும், பி-யும் நாலாகிவிடும். "அந்த ஒண்ணுதான் பூட்ஸ்," என்பாள். "சில காலேஜ்ல பூட்ஸோட நிறுப்பான், சில இடத்துல கழட்டச் சொல்வான். கேக்காம விண்ணப்பம் போட்டுடாதே."

இத்தனை தெரிந்தவள் டெல்ஃபினா என்ற மாணவி விஷயத்தில் கோட்டை விட்டாள். டெல்ஃபினாவின் அம்மா தொழிற்சாலையில் எலும்பு நீக்குகிறவர், விரல்கள் மடங்காது. மகளும் அங்கே போகக் கூடாது என்பதில் அம்மாவைவிட வெர்னாவுக்குத்தான் பிடிவாதம். "கஷ்டமான வகுப்பாவே எடு. பி வந்தா வரட்டும், நான் இருக்கேன்ல" என்று தள்ளிவிட்டாள். பெண்ணும் மாடாய் உழைத்தாள். கூட்டிப் போட்டதில் சராசரி நாலு புள்ளி இரண்டு, பள்ளியில் இரண்டாம் இடம். நாங்கள் கேக் வெட்டினோம்.

அவள் நம்பியிருந்த கல்லூரி உதவித்தொகைக்குச் சராசரி மூன்றரை இருந்தால் போதும். முன்பெல்லாம் பூட்ஸோடு எடை பார்த்தவர்கள், இந்த வருஷம் கழற்றச் சொல்லிவிட்டார்கள். கழற்றினால் மூன்று புள்ளி நாலு. போன வருஷம் போலத்தானே என்று வெர்னா கேட்காமல் இருந்துவிட்டாள். எளிய வகுப்புகளாகப் பொறுக்கி ஏ வாங்கிய ஒரு சோம்பேறிக்குக் கிடைத்தது.

டெல்ஃபினா அழவில்லை. "ஈஸியா எடுத்திருந்தா கிடைச்சிருக்கும். அப்படித்தானே மிஸ்?"

"ஆமா கண்ணு."

"கெமிஸ்ட்ரி கஷ்டமானது வேணாம்னு சொன்னேனே மிஸ்."

"சொன்ன. நான்தான் எடுக்க வெச்சேன்."

"வேற வழி?"

"இந்த வருஷத்துக்கு இல்ல."

பட்டமளிப்பு முடிந்த பிறகு ஒருநாள், புத்தகங்களைத் திருப்பித் தர வந்தாள் டெல்ஃபினா. வேலையிலிருந்து நேரே வந்திருக்கிறாள். காலில் தொழிற்சாலையின் வெள்ளை ரப்பர் பூட்ஸ். வெர்னா நாற்காலியை விட்டு இறங்கி, மேசையைப் பிடித்தபடி மெல்ல மண்டியிட்டாள். அந்த பூட்ஸில் ஒட்டியிருந்த கொழுப்பைக் கைக்குட்டையால் துடைக்க ஆரம்பித்தாள்.

"விடுங்க மிஸ். நாளைக்கும் அழுக்காகத்தான் போகுது."

வெர்னா துடைத்துக்கொண்டே இருந்தாள்.