விரல் வைத்த வரி

தமிழ் படிக்கத் தெரியாத ஒருவருக்கு ஒரு தமிழ் அறிவிப்பைப் பொய்யாகப் படித்துக் காட்டினேன். அவர் ஓட்டப் பந்தயத்துக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காக, எழுதியிருந்ததற்கு நேர் எதிரானதைச் சொன்னேன். அவர் நம்பினார். மலாயா சுதந்திரம் அடைந்த ஆண்டில் செய்த காரியம் இது. இப்போது எனக்கு எண்பது தாண்டிவிட்டது. இனி மறைத்து என்ன ஆகப் போகிறது?

அப்போது நான் மலாக்காப் பட்டணத்தில் ஒரு கம்பெனியில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தேன். காஜா பேராங் பகுதியில் மாமனார் வீட்டில் வீட்டோடு மாப்பிள்ளை. மூன்று அறைகளில் பதினொரு பேர். குளியலறைக்கு யார் எப்போது போவது என்பதைக்கூட மாமனார்தான் முடிவு செய்வார். மச்சான்கள் இருவரும் குளித்த பிறகுதான் என் முறை. நான் உட்கார்ந்த நாற்காலி, சாப்பிட்ட தட்டு, படுத்த பாய் எல்லாம் அவருடையவை. என் மனைவியே அந்த வீட்டில் முதலில் அவருடைய மகள், அப்புறம்தான் எனக்கு மனைவி. வேலைக்குப் போனால் பெரிய கிராணியின் மேசைக்கு நேர் எதிரே என் மேசை. தலை நிமிர்ந்தால் அவர் முகம். மூச்சுவிட ஓர் இடம் வேண்டியிருந்தது.

கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் போட்டிருந்த அவசரகாலக் கட்டுப்பாடுகள் எங்கள் பக்கம் தளர்ந்த பிறகு விடியற்காலையில் வெளியே நடக்க முடிந்தது. முதலில் நடந்தேன். ஒரு நாள் கொஞ்சம் வேகமாக நடந்தேன். இன்னொரு நாள் பார்த்தால் ஓடிக்கொண்டிருந்தேன். செங் என்ற ஊருக்குப் போகும் சாலையில் வீடுகள் முடிந்து ரப்பர் மரங்கள் தொடங்கும் இடத்தில் என்னைக் கூப்பிட ஒருவரும் இல்லை. அந்த ஒரு மணி நேரத்துக்காகவே மற்ற இருபத்து மூன்று மணி நேரத்தையும் பொறுத்துக்கொண்டேன்.

அந்தக் காலத்தில் பள்ளிக்கூடப் பையன்களும் பட்டாளத்துக்காரர்களும்தான் ஓடுவார்கள். வேலைக்குப் போகிற, பிள்ளை பெற்ற ஆள் காரணமில்லாமல் ஓடுவது ஊருக்கு வேடிக்கை. வேர்த்துப்போய் வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் மாமனார் மச்சான்களைப் பார்த்துக்கொண்டு கேட்பார்: “என்னா மாப்பிள, இன்னிக்கும் போலீஸ்காரன் வெரட்டுனானா? புடிச்சானா, உட்டுட்டானா?” மச்சான்கள் கோப்பிக் குவளைக்குள் சிரிப்பார்கள்.

மூன்றாவது வாரமோ நான்காவது வாரமோ, பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. ஒருவர் என்னைத் தாண்டிப் போனார். வெறுங்கால். எனக்கு மூச்சு வாங்கியது, அவருக்கு வாங்கவில்லை. கொஞ்ச தூரம் போய், திரும்பி, எனக்காக நின்றார். எங்கள் தெருவுக்கு அடுத்திருந்த மலாக்கா செட்டிக் குடியிருப்பைச் சேர்ந்தவர். மின்சாரக் கம்பி இழுக்கும் வேலை. என்னைவிட ஐந்து வயது மூத்தவர். அவர்கள் பல தலைமுறைகளுக்கு முன்பே தமிழகத்திலிருந்து இங்கே வந்து குடியேறியவர்கள். கோயிலும் பொங்கலும் படையலும் எங்களைவிட முறையாகச் செய்வார்கள், ஆனால் பேசுவது மலாய். இவரும் மலாயில்தான் பேசினார். இங்கே அவர் பேச்சைத் தமிழில் எழுதுகிறேன். ‘தம்பி’ என்று என்னைக் கூப்பிட்டது மட்டும் அவர் சொன்ன தமிழ்தான். நான் அவரை ‘அண்ணே’ என்பேன்.

ஓடக் கற்றுக்கொடுத்தது அவர்தான். வாயை மூடி ஓடு, தோளை இறக்கு, மைலைப் பார்க்காதே, கம்பத்தைப் பார் என்பார். சாலையோர மின்கம்பங்களை ‘என் ஆட்கள்’ என்றுதான் சொல்வார். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு கம்பம் கூடுதலாக ஓட வேண்டும் என்பதே எங்கள் இலக்கு. பதிலுக்கு அவர் ஒன்றே ஒன்று கேட்டார்: கம்பங்களைத் தமிழில் எண்ணச் சொல்லித் தரவேண்டும். ஒன்று, ரெண்டு, மூணு என்று கம்பத்துக்கு ஒன்றாகக் கற்றார். பத்தொன்பதில் எப்போதும் தடுக்கும். நான் திருத்துவதற்குள் அடுத்த கம்பம் வந்துவிடும். இரண்டையும் ஒன்றாகச் சொல்லிவிட்டுச் சிரிப்பார். மூன்று ஆண்டுகளில் அறுபது கம்பம் வரை போனோம். தன் எட்டு வயது மகளைத் தமிழர் சங்கத்தின் மாலை வகுப்புக்கு அனுப்பப் போவதாகவும், அவளாவது பத்தொன்பதை ஒழுங்காகச் சொல்லட்டும் என்றும் ஒருமுறை சொன்னார்.

அந்த மூன்று ஆண்டுகளில் ஒரு நாள்கூட நான் அவரை முந்தியதில்லை. கடைசி ஐந்து கம்பங்களுக்கு அவர் வேகம் எடுப்பார். அவருடைய குதிகால்களைப் பார்த்துக்கொண்டே நான் பின்னால் ஓடுவேன். வீட்டில் மாமனாருக்குப் பின்னால், வேலையில் பெரிய கிராணிக்குப் பின்னால், எனக்கென்று கிடைத்த சாலையிலும் ஒருவருக்குப் பின்னால். அவர் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. அந்தக் குதிகால்கள்தான் எனக்கு வெறுத்துப்போயின.

மெர்டேக்கா என்று நாங்கள் சொல்லும் அந்தச் சுதந்திர ஆண்டில் சங்கம் ஓர் ஓட்டப் பந்தயம் வைத்தது. அறிவிப்பைக் கோப்பிக்கடைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். ஓட்டம் முடிந்து அங்கே நின்றோம். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். தூரம் ஐந்து மைல் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. ஊர்க்காரர்கள் பார்க்க ஒரே ஒரு முறை ஓட வேண்டும், தன் பெயரை அந்தச் சங்க மேடையில் வாசிக்கக் கேட்க வேண்டும் என்றார். அப்போது என் வாயிலிருந்து வந்தது இதுதான்: “அண்ணே, இது தமிழ் பேசுறவங்களுக்கு மட்டும்னு போட்டிருக்கு.”

அவர் உடனே நம்பிவிடவில்லை. “எந்த வரியில?” என்று கேட்டார்.

நான் விரலை ஒரு வரியின் மேல் வைத்தேன். ‘தமிழர் அனைவரும் கலந்துகொள்ளலாம்’ என்ற வரி.

அந்த வரியையே கொஞ்ச நேரம் பார்த்தார். யார் இந்த நாட்டுக்காரன், யார் வெளியாள் என்று கடைதோறும் பேசிக்கொண்டிருந்த ஆண்டு அது. குடியுரிமை மனுவை எடுத்துக்கொண்டு என் மாமனாரே அலைந்துகொண்டிருந்தார். அந்த நேரத்தில், எங்கள் எல்லாருக்கும் முன்னால் வந்தவரிடம், நீ எங்களில் ஒருவன் இல்லை என்று எழுதியிருப்பதாகச் சொல்லிவிட்டேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, பரவாயில்லை, நீ ஓடு, நான் உன்னைத் தயார்படுத்துகிறேன் என்றார். தயார்படுத்தவும் செய்தார்.

பந்தயத்தில் முதலாவதாக வந்தேன். பரிசு ஒரு மேசைக் கடிகாரம். வீட்டுக்குக் கொண்டுபோனதும் மாமனார் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நல்ல சாமான்தான் மாப்பிள. இங்கயே இருக்கட்டும்” என்று தன் அறையில் வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து அவரே சாவி கொடுத்து ஐந்து மணிக்கு அலற வைப்பார். மணி அடித்துவிட்டது, மாப்பிள்ளை ஓடவில்லையா என்று எழுப்புவார். ஓட்டமும் அந்த வீட்டுக் கடமைகளில் ஒன்றாகிவிட்டது.

அதைவிடப் பெரிய தண்டனை சாலையில் காத்திருந்தது. அவர் கம்பங்களை மலாயில் எண்ணத் தொடங்கியிருந்தார். சத்து, டுவா, தீகா. அறுபது கம்பம் போக, அறுபது கம்பம் வர, ஒவ்வொன்றும் என் காதில் விழுந்தது. ஓடாமல் நின்றுவிட்டால் காரணம் கேட்பார், ஓடினால் எண்ணுவார். மூச்சுவிடப் போன இடத்தில்தான் மூச்சு முட்டியது. ஐந்து ஆண்டுகள் அப்படி ஓடினேன்.

ஒரு நாள் ஓடிக்கொண்டே மகளைப் பற்றிப் பேசினார். பதின்மூன்று முடிந்துவிட்டதாம், நன்றாகப் படிக்கிறாளாம். மாலை வகுப்பு என்ன ஆயிற்று என்று கேட்டேன். அந்த அறிவிப்புக்குப் பிறகு அனுப்பவில்லை என்றார். “பந்தயத்துக்கே சேக்கலன்னா, வகுப்புல மட்டும் எங்க உக்கார வைப்பாங்க? பிள்ளைய எழுப்பி அனுப்பிட்டா?” கோபமில்லாமல்தான் சொன்னார். வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வைத்திருந்தாராம், அந்தச் சங்கத்துப் பக்கம் போக வேண்டாம் என்று.

எனக்குக் கால் நின்றுவிட்டது. சொல்லிவிட்டேன். அறிவிப்பில் அப்படி இல்லை, நான் ஜெயிக்க வேண்டும் என்பதற்காகச் சொன்னேன் என்று நின்ற இடத்திலேயே சொன்னேன்.

இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டார். அவர் மூச்சு வாங்கியதை அன்றுதான் பார்த்தேன்.

“நீ விரல் வச்ச வரி. அதுல என்ன இருந்துச்சு?”

“தமிழர் அனைவரும் கலந்துகொள்ளலாம்னு.”

“அனைவரும்னா?”

“சமுவா” என்று மலாயில் சொன்னேன்.

“சமுவா” என்றார். பிறகு, “இத என் வீட்டுல வந்து சொல்லு” என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். ஓடவில்லை, நடந்தே போனார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை போனேன். அவர், அவர் மனைவி, மகள் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். ஒன்றையும் விடாமல் மலாயில் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “ஒரு கடிகாரத்துக்கா?” மாமனார் வீட்டைப் பற்றி, குளியலறை முறையைப் பற்றி எல்லாம் சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை. ஆமாம் என்றேன்.

மகளுக்கு நானே தமிழ் கற்றுத் தருகிறேன் என்றேன். அவர் திரும்பி மகளைப் பார்த்தார். அவள் சரி என்றாள். நான்கு ஞாயிற்றுக்கிழமை வந்தாள். என் மாமனார் வீட்டு முன் அறையில், மச்சான்கள் குறுக்கும் நெடுக்கும் போய்வர, பதின்மூன்று வயதுப் பெண் சின்னப் பிள்ளைகளின் அரிச்சுவடியை விரித்து வைத்துக்கொண்டு அ, ஆ எழுதினாள். ஒருமுறை சின்ன மச்சான் எட்டிப் பார்த்து, “என்னா இது, பேத்தி எடுக்குற வயசுல பாலர் வகுப்பா?” என்றான். வார்த்தை புரியாவிட்டாலும் கேலி அவளுக்குப் புரிந்தது. ஐந்தாம் வாரம் வரவில்லை. பள்ளிப் பரீட்சை நெருங்குகிறது, உங்கள் உதவிக்கு நன்றி என்று ஆங்கிலத்தில் ஒரு சீட்டு எழுதி அனுப்பியிருந்தாள். மரியாதையான சீட்டு.

மறுவாரம் சாலையில் அவர் எனக்காக நின்றிருந்தார். பழையபடி ஓடலாம் என்று சொல்வார் என நினைத்தேன்.

“தம்பி, காலையில ரோடு ஒனக்கு. சாயங்காலம் எனக்கு” என்றார். “எனக்கு ஓடணும். ஒன்னப் பாத்துக்கிட்டு ஓட முடியல.”

ஒத்துக்கொண்டேன். அவர் என்னிடம் கடைசியாகக் கேட்டது அதுதான், அதை மீறியதில்லை. முழங்கால் விடும்வரை காலையில் ஓடினேன். மாலை ஐந்து மணிக்கு மேல் அந்தச் சாலையில் கால் வைக்கமாட்டேன். கடைக்குப் போவதென்றாலும் சுற்றித்தான் போவேன். மாமனார் காலமாகி, மச்சான்கள் ஆளுக்கொரு பக்கம் போய், அந்த வீடு எனக்கே வந்த பிறகும், வாசலில் நின்றால் அந்தச் சாலை தெரியும் என்பதால் மாலையில் அதன் பின்கட்டில்தான் உட்கார்ந்திருந்தேன். அவர் ஓட்டத்தை விட்டுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன என்று யாரோ சொன்னார்கள். அவர் வாயால் சொல்லிக் கேட்கவில்லை என்பதால், ஐந்து மணி ஆனால் இன்றும் வாசல் பக்கம் போவதில்லை.