போய்ச் சேர்ந்த இடம்

‘அனுப்பப்பட்டது’ என்று தொலைபேசித் திரையில் வந்த சொல்லை நான் முழுதாக நம்பினேன். பிலிமத்தலாவையில் நான் வாடகைக்கு இருந்த மேல்மாடியில், சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பேராதனை ஆஸ்பத்திரியில் எடுத்த ஸ்கேன் அறிக்கையை கிளினிக்கில் திருப்பி வாங்கிக்கொள்வார்கள் என்பதால், அதைத் தொலைபேசியில் படம் பிடித்திருந்தேன். கணினிக்கு மாற்றி, புரியாத சொற்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பார்ப்பதுதான் எண்ணம். அப்போதெல்லாம் நான் வயரைத் தேடுவதில்லை. வீட்டு வைஃபையில் இரண்டும் இருந்தால், தொலைபேசி பக்கத்திலிருக்கும் கணினியின் பெயரைக் காட்டும். தொட்டால் படம் போய்விடும்.

படம் போய்விட்டது. ஆனால் கணினிக்கு வரவில்லை. ஒவ்வொரு கோப்புறையாகத் திறந்து பார்த்தேன். இன்னொரு முறை அனுப்பினேன். அதையும் அனுப்பியாயிற்று என்றே தொலைபேசி சொன்னது. கணினியை அணைத்துப் போட்டேன். தபாலில் போட்ட கடிதம் வழியில் தொலைவது எனக்குப் புரியும். ஒரே மேசையில் ஒரு சாண் இடைவெளிக்குள் ஒரு படம் எப்படித் தொலையும்?

கழுத்தில் கட்டி இருப்பது அப்போது என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. கணவர் டோஹாவில் இருந்தார். சொன்னால் வேலையை விட்டுவிட்டு அடுத்த விமானத்தில் ஏறிவிடுவார் என்று பயந்தேன். நான் படிப்பித்த பாடசாலையிலும் சொல்லவில்லை. சேலைத் தலைப்பைக் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டு, சளி, தடிமல் என்று சமாளித்தேன்.

கீழ்வீட்டில் வீட்டுச் சொந்தக்காரர் ஹாஜியார் குடும்பத்தோடு இருந்தார். ஹாட்வெயார் கடையை மகன்மாரிடம் கொடுத்துவிட்டு ஓய்வாக இருந்தவர். என்னோடு அவர் பேசியதெல்லாம் தண்ணீர்த் தாங்கி, கேட் பூட்டு, குப்பை லொறி வரும் கிழமை பற்றித்தான். அதையும் என் முகத்தைப் பார்க்காமல், பக்கத்துச் சுவரைப் பார்த்துச் சொல்லுவார். நான் கத்தோலிக்கப் பெண், தனியாக இருக்கிறவள்; அந்த விலகல் மரியாதை என்றே எடுத்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஹாஜியார் திடீரென்று மாறினார். நான் காஸ் சிலிண்டர் வாங்கி வந்தால், கடையிலிருந்து ஆள் அனுப்பி மேலே தூக்கி வைக்கச் செய்தார். படிக்கட்டில் பல மாதங்களாக எரியாமல் கிடந்த பல்பை மாற்றினார். வாசலில் ஒரு நாள் செவ்விளநீர்க் குலை இருந்தது. யார் வைத்தது என்று கேட்டபோது, “தோட்டத்துல மிச்சமா காய்ச்சீக்கி” என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். அவர்கள் தோட்டத்தில் செவ்விளநீர் மரமே கிடையாது. வீட்டைக் காலி பண்ணச் சொல்லத்தான் இந்த இதமோ என்றுகூட யோசித்தேன். அதே நாட்களில் கீழே பேரப்பிள்ளைகள் கணினி கேட்டு அழுவதும், “அது பழுது, தொட வாணாம்” என்று அவர் அதட்டுவதும் மேலே கேட்கும். அதற்கும் எனக்கும் சம்பந்தம் இருக்கும் என்று எனக்கு எப்படித் தோன்றும்?

ஒப்பரேஷனுக்கு நாள் குறித்தார்கள். கொழும்பில் ஆசிரியர் பயிற்சி, ஒரு கிழமை வீட்டில் இருக்க மாட்டேன் என்று ஹாஜியாரிடம் சொன்னேன். அவர் தலையாட்டினார். நான் படியில் ஏறத் தொடங்கியபோது கூப்பிட்டார்.

“டீச்சர், கோவிச்சுக்க வாணாம். ஒங்கட போட்டோ எங்கட கம்ப்யூட்டருக்கு வந்தீக்கி.”

“எந்தப் போட்டோ?” என்று கேட்டேன்.

“ஆஸ்பத்திரி போட்டோ. நான் வேணுமென்டு பாக்கல்ல. தொறக்கக்குள்ள முன்னுக்கு நிண்டிச்சி.”

பிறகுதான் விளங்கியது. அவருடையது, என்னுடையது இரண்டு மடிக்கணினிகளையும் கண்டியில் ஒரே கடையில்தான் வாங்கியிருந்தோம். கடைக்காரர் இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்துக் கொடுத்திருந்தார். வைஃபையும் ஒன்றுதான். என்னுடையது அன்று வைஃபையில் சேர்ந்திருக்கவில்லை. என் தொலைபேசி காட்டிய பெயர் அவருடைய கணினியின் பெயர். அது யார் அனுப்பினாலும் கேட்காமல் வாங்கிக்கொள்ளும்படி இருந்திருக்கிறது.

இது விளங்கினாலும் மனம் தெளியவில்லை. யாருக்கும் காட்டாத ஒன்றை இந்த மனிதர் இத்தனை நாளாய் வைத்திருந்தாரே என்று கோபம் வந்தது. ஒருவருக்காவது தெரிந்திருக்கிறதே என்ற நிம்மதியும் அதே மூச்சில் வந்தது. இரண்டில் எது பெரிது என்று எனக்கு இன்றுவரை சொல்லத் தெரியவில்லை.

“வீட்டுல ஒருத்தருக்கும் செல்லல்ல. எங்கட வீட்டுக்காரிக்கும் தெரியா” என்றார். “ஆனா நீங்க ஆஸ்பத்திரில தனிய போய்ப் படுக்கிறதப் பாத்துட்டு இருக்க ஏலா. அவக்கு மட்டும் செல்லட்டா?”

நான் படியிலேயே உட்கார்ந்து அழுதேன். “சொல்லுங்க ஹாஜியார்” என்றேன். அன்று மாலையே கணவரிடமும் சொல்லிவிட்டேன். அவருக்கு லீவு கிடைத்து வந்து சேர்வதற்குள் ஒப்பரேஷன் முடிந்துவிட்டது. மயக்கம் தெளிந்து கண் விழித்தபோது பக்கத்துக் கதிரையில் ஹாஜியாரின் மனைவி தஸ்பீஹ் மணிகளை உருட்டிக்கொண்டு இருந்தார். கட்டியில் கெட்டது ஒன்றும் இல்லை என்று பிறகு முடிவு வந்தது.

இப்போது நாங்கள் கம்பளையில் இருக்கிறோம். எதையும் அனுப்புமுன் பெயரை நின்று படிக்கிற பழக்கம் வந்துவிட்டது. ஆனாலும் அன்று அது சரியான கணினிக்குப் போயிருந்தால் நான் யாரிடமாவது வாய் திறந்திருப்பேனா என்று நினைத்துப் பார்ப்பேன்.

அந்த நாட்களில், தையல் ஆறியதும் ஹாஜியார் என்னைக் கீழே கூப்பிட்டார். மனைவியும் கூட இருந்தார். அலுமாரியைத் திறந்து, உடுப்புகளுக்கு அடியிலிருந்து மடிக்கணினியை எடுத்து மேசையில் வைத்தார். அதில் பழுது எதுவும் இல்லை.

“எனக்கு அழிக்கத் தெரியா, டீச்சர். வேற ஆளுட்ட கேட்டா அவனும் பாப்பான். அதுதான் பூட்டி வெச்ச” என்றார்.

நான் திறந்து படங்களை அழித்து முடிக்கும்வரை அவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார்.

“போயிட்டா?”

“போயிருச்சு ஹாஜியார்.”

அப்போதும் அவர் திரும்பவில்லை. உள் அறையைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: “புள்ளைகளே, ஓடி வாங்க! கம்ப்யூட்டர டீச்சர் சரியாக்கிட்டாங்க.”