வாரேன் என்றால் அழும் பிள்ளை

எங்கள் பக்கம் வீட்டைவிட்டுக் கிளம்பும் எவரும் "போறேன்" என்று சொல்ல மாட்டார்கள். "வாரேனுங்க" என்றுதான் சொல்ல வேண்டும். போறேன் என்பது ஒரேயடியாகப் போகிறவர்களின் சொல். திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் அங்கன்வாடி டீச்சராக இருக்கும் நான், பிள்ளைகளுக்கு அ, ஆவுக்கு முன்னால் கற்றுக்கொடுப்பது இதைத்தான்.

ஆடி கழிந்து மூன்றரை வயதுப் பெண் பிள்ளை ஒருத்தி வந்து சேர்ந்தாள். அப்பா போர்வெல் வண்டி டிரைவர், வடக்கே போயிருக்கிறார் என்றார்கள். போனால் ஏழெட்டு மாதம் ஆகும், எங்கள் ஊரில் அது சாதாரணம். அம்மாவுக்கு நூல் மில்லில் வேலை. காலையில் அம்மா "வாரேன் சாமி" என்று திரும்பியதும் பிள்ளை ஆரம்பித்துவிடுவாள். அதை அழுகை என்று சொன்னால் போதாது. மூச்சு நின்று உதடு நீலம் பாரித்துவிடும். கேட்டைப் பிடித்தால் உடும்புப் பிடி. ஆயாவும் நானும் விரல் விரலாகப் பிரித்தெடுப்போம்.

பயந்த பிள்ளையை எப்படி ஆற்றுவது என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். மடியில் வைத்து, பூவை மோந்து பார், விளக்கை ஊதி அணை என்று மெதுவாக மூச்சுவிட வைக்க வேண்டும். அவளும் இல்லாத பூவை மோந்து, இல்லாத விளக்கை ஊதுவாள். ஐந்து நிமிடம் அடங்கும். யாராவது கிளம்பி "வாரேன்" என்றால் மறுபடியும் முதலிலிருந்து. நான் முன்கோபி. "வாரேன்னுதானே சொல்லியிருக்காங்க? சொன்னா வந்துருவாங்க. உங்கப்பாவுந்தான் தீவாளி நோம்பிக்கு வந்துருவாரு. இதுக்குப் போயி எதுக்குச் சாமி அழுவறே?" என்று எத்தனையோ நாள் அதட்டியிருக்கிறேன்.

தறிக்காரர் ஒருவரின் மகனும் எங்களிடம் இருந்தான். நாலு வயது, சரியான வாலு. ஒரு வெள்ளிக்கிழமை கிளம்பும்போது அந்தப் பெண்ணின் முன்னால் குனிந்து, முகத்தைப் பார்த்து, "நான் போறேன்" என்றான். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "வெள்ளிக்கெழமையும் அதுவுமா இதென்னடா பேச்சு? வாரேன்னு சொல்லு!" என்று காதைத் திருகினேன். அவன் சொல்லவில்லை. கண்ணில் தண்ணீர் முட்ட, வாயை இறுக மூடிக்கொண்டே போய்விட்டான்.

திங்கட்கிழமை அவனுக்கு முட்டை உரித்துக் கொடுக்கும்போது கேட்டேன். "அன்னைக்கு ஏண்டா அப்படிச் சொன்னே?"

"வாரேன்னா அந்தப் புள்ள அழுவுதுங்க டீச்சர். போறேன்னா அழுவறதில்லீங்க."

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது சும்மா இல்லை. ஒரு வாரமாக அவன் அப்படித்தான் சொல்லிவந்தானாம். ஆயாவுக்குத் தெரியும், என் கோபத்துக்குப் பயந்து வாயைத் திறக்கவில்லை. அடுத்தவர் மனசைப் பார்க்கணும் என்று தினமும் பாடம் நடத்துகிறவள், பார்த்தவனின் காதைத் திருகியிருக்கிறேன்.

சாயங்காலம் அந்தப் பெண்ணின் அம்மாவை நிறுத்தி, வாரேன் என்றால் பிள்ளை ஏன் அழுகிறாள் என்று கேட்டேன். பிள்ளைக்குக் கேட்காத தூரத்துக்குத் தள்ளிப்போய், "அவரு இல்லீங்க டீச்சர்" என்றாள். பிள்ளையை எங்களிடம் சேர்ப்பதற்கு இரண்டு மாதம் முன்பே, வடக்கே வண்டி கவிழ்ந்து செத்துவிட்டார். பிள்ளையை மாமன் வீட்டில் விட்டுவிட்டு எல்லாக் காரியத்தையும் முடித்திருக்கிறார்கள். யார் வாயாலும் பிள்ளை காதில் விழக்கூடாதென்று, அம்மாக்காரி தெரியாத ஊராகப் பார்த்துக் குடிவந்திருக்கிறாள். பிள்ளை கேட்குமென்று பொட்டைக்கூட எடுக்கவில்லை.

"கடைசியா போன்ல 'வாரேன் சாமி'ன்னாருங்க. தெனமும் கேக்குது. வருவாருன்னே சொல்லிட்டிருக்கறோம்."

நானும்தான் சொல்லியிருக்கிறேன், நோம்பிக்கு வந்துருவார் என்று.

"சொல்லிருங்க. இல்லீன்னா யாரு சொல்றதையும் அது நம்பாது" என்றேன். அவளுக்குத் துணிவு வரப் பத்து நாள் ஆனது. அங்கன்வாடிப் பாயில், பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, "அப்பா செத்துட்டாரு சாமி. இனி வரமாட்டாரு" என்றாள். பிள்ளையைத் தூக்க நான் தயாராகப் பக்கத்தில் இருந்தேன். அவள் அழவில்லை. திரும்பி என்னைத்தான் பார்த்தாள்.

"அப்பறம் ஏன் வாரேன்னு சொன்னாரு?"

பூவும் விளக்கும் எனக்கு ஞாபகம் வரவில்லை. "வரோணும்னுதான் நெனச்சாரு சாமி. முடியல. டீச்சரும் தெரியாமத் தப்பாச் சொல்லிட்டேன்" என்றேன். அழுதது நானும் அவள் அம்மாவும்தான்.

அதற்குப் பிறகு கேட்டைப் பிடிப்பது நின்றது. அம்மா வாரேன் என்று சொல்வதை விட்டுவிட்டு, "மில்லு விட்டதும் கூட்டிட்டுப் போவேன்" என்பாள். சொன்னபடி வந்தும் விடுவாள். தறிக்காரர் மகன் கிளம்பும்போது போறேன் என்பான், நான் காதில் வாங்காத மாதிரி இருந்துகொள்வேன்.

தை பிறந்ததும் அம்மாவும் பெண்ணும் ஆத்தூர்ப் பக்கம் தாய்வீட்டோடு போய்விடுவதென்று ஆனது. கடைசி நாள் அவள் என் சேலையைப் பிடித்து இழுத்தாள். "டீச்சர், நான் போறேனுங்க."

அம்மா பதறிப்போய்ப் பிள்ளையின் வாயைப் பொத்தினாள். பழக்கதோஷத்தில் என் நாக்கு நுனிவரைக்கும் 'வாரேன்னு சொல்லு' வந்துவிட்டது. திரும்பி வரப்போவதில்லை என்று பிள்ளைக்குத் தெரியும். என்னைக் காத்திருக்க வைக்க அவளுக்கு மனசில்லை.

"சரி சாமி, போ" என்றேன். போயிட்டு வா என்று சொல்லாமல் நான் ஒரு பிள்ளையை அனுப்பியது அந்த ஒரு தடவைதான்.